கீறல் விழாத பெயின்ட்

காரின் கதவுக் கண்ணாடி ஏறாவிட்டால் மோட்டார்தான் பழுது என்று உலகமே நம்புகிறது. அது தவறு என்பதை மிகுந்த மனவருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

புதுச் சிவப்புப் பெயின்ட் அடித்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் கண்ணாடி அசையவில்லை. மோட்டாரைக் காயலான் கடையில் போட மெக்கானிக் முடிவு செய்தார்.

"அவர் அழுத்துற அழுத்துல என் முதுகே போச்சு. நீ தூங்குறியேப்பா!" என்றது ஸ்விட்ச்.

"கரன்ட் வருது, திரும்பிப் போக வழியில்லையே," என்ற மோட்டார், கரன்ட்டைக் காரின் இரும்பு உடம்புக்குத் திருப்பி விட வேண்டிய, ஆனால் பெயின்ட் மேல் முடுக்கியிருந்த எர்த் ஒயரைக் கெஞ்சியது. "அண்ணே, பெயின்ட் கரன்ட்டை விடாது, கொஞ்சம் சுரண்டி இரும்பைத் தொடுங்க. இல்லேன்னா என்னை எடைக்குப் போட்டுடுவாங்க."

"புதுப் பெயின்ட் தம்பி. கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

மோட்டார் போயிற்று. புது மோட்டார் வந்தது. கண்ணாடி அசையவில்லை.

மெக்கானிக் ஸ்விட்சைக் கழற்ற ஆரம்பித்தார்.