பாத்திக்கு வந்த பலகை

மரமே முளைக்காத அந்த வடகடல் தீவில், கரை ஒதுங்கும் பலகைகளில் பெயர் செதுக்கி, வீட்டில் ஆளுக்கொரு கட்டாகச் சவப்பெட்டிக்கு வைத்திருப்பார்கள். முட்டைக்கோஸ் நாற்றுக்குக் காற்று மறைப்பு வேண்டும் என்று சன்னா எத்தனை முறை கெஞ்சியும் கணவர் ஆன்டர்ஸ் ஒரு பலகைகூடத் தந்ததில்லை.

இன்று படகுத்துறையிலிருந்து வந்தவர், தானாகவே பாத்தியைச் சுற்றிப் பலகை அடித்தார்.

"அதிசயமா இருக்கே. செத்தா என்னைக் கோணியில சுத்திப் புதைக்கிறதா உத்தேசமா?"

"உன் கட்டு பத்திரமா இருக்கு."

"அப்போ உங்களைத்தான் கோணியிலயா?"

"என்னோடதும் இருக்கு."

சிரித்தபடி குனிந்த சன்னா, பலகையில் மகன் ரோல்ஃபின் பெயரைப் பார்த்தாள்.

"அவன் படகு வந்துடுச்சா?"

ஆன்டர்ஸ் அடுத்த ஆணியை எடுத்தார்.

"படகை மட்டும்தான் இழுத்துட்டு வந்தாங்க சன்னா. அவனுக்கு இனிமே பெட்டி எதுக்கு?"