ரத்தம் குடித்த கொசு

ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொசு பிடித்துக் கொடுப்பது சவரிமுத்துவின் வேலை. அன்று மதுக்கரையிலிருந்து, ரத்தம் குடித்த ஒரே ஒரு கொசுவைத் தனிக் குப்பியில் கொண்டுவந்தான்.

“இதை மட்டும் இன்னைக்கே பாத்துச் சொல்லுங்க சார்,” என்று கெஞ்சினான்.

“மரபணுச் சோதனை வரிசைப்படிதானுங்க நடக்கும்,” என்றார் ஆராய்ச்சிக்கூடத்தின் டாக்டர் அருள்குமார்.

மூன்று வாரம் கழித்து டாக்டரே ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்க கொசுவுல மலேரியாக் கிருமி இருக்குது! மதுக்கரையில எங்க புடிச்சீங்க?”

“எம்புள்ள கையிலீங்க. காய்ச்சல்ல கெடந்தா. ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. நீங்க மனுசங்க ரத்தத்தைச் சோதிக்க மாட்டமுன்னீங்க. அதான் கொசுவைக் கடிக்க உட்டுப் புடிச்சனுங்க.”

டாக்டர் பதறினார். “உடனே கூட்டிட்டு வாங்க, மருந்து இருக்குது!”

“அடக்கம் பண்ணிப் பதினஞ்சு நாளாச்சுங்க சார்.”