குடுவையில் இரண்டு மடக்கு

"குடிக்கச் சொல்லுங்க பாய், செத்துருவான்!"

என் குரல் உயர்ந்துவிட்டது. நான்கு படுக்கை தள்ளி நின்ற ஜீவிதா சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்துப் படுக்கையில் அப்துல் ஹாதி பாய் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தார். நாலு மணிக்கு சிஸ்டர் கொடுத்த பிஸ்கட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தின்றதிலிருந்தே அவர் முகம் சரியில்லை.

அவருடைய இடது கையில் இரண்டு ஊசிகள். என் இடது கையிலும் இரண்டு. ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும் நான்கு மணி நேரமும் அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கைதான் எங்களுக்குச் சொந்தம். அதில் போன்.

போனுக்குள் பாதாளக் கோட்டை.

அவர் வீரன், நான் வேடன். திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருக்கும் அவரும், அகரத்தில் தக்காளி போடும் நானும், வாரத்துக்கு மூன்று நாள் இப்படிப் படுத்தபடியே ஒன்றாகக் கீழே இறங்குகிறோம். ஒரு கார்டை இறக்கினால் வாள் வீசலாம். இன்னொன்றை இறக்கினால் விளக்கு எரியும். இரண்டு பேரும் செத்தால் எல்லாம் போயிற்று. மறுபடி முதல் தளம்.

மூன்று மாதம் சாகாமல் வந்து, இன்று நாற்பதாவது தளம்.

அந்தத் தளத்தின் கதவு திறந்தது. தரை முழுக்கக் கருநீலத் தண்ணீர். நடுவே ஒற்றைக் கல்பாதை. அண்ணாந்து பார்த்தால் கூரை இல்லை, நட்சத்திரங்கள்.

பூமிக்குள் நாற்பது தளம் இறங்கிய பிறகு ஒரு வானம்!

இதை எங்கோ ஒரு மனுசன் உட்கார்ந்து நினைத்திருக்கிறான். அந்த நினைப்பை அவனுக்குக் கொடுத்தவனை மனசுக்குள் கும்பிட்டேன்.

பிறகு அந்தத் தண்ணீரே எழுந்து நின்றது. அதுதான் நாகம்.

ஏற்கெனவே காயத்தோடு வந்த வீரனுக்கு முதல் அடியிலேயே ஒரே ஓர் உயிர்தான் மிஞ்சியது. ஆனால் பாயின் கையில் குடுவைக் கார்டு ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. தொட்டால் போதும், வீரன் குடிப்பான், எல்லா உயிரும் திரும்பிவிடும்.

அந்தக் குடுவையை எங்களுக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் எங்களுக்கு அனுமதித்தது ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். வீரன் குடுவையைச் சாய்க்கும்போது தொண்டை ஏறி இறங்கும், மடக்கென்று சத்தம் கேட்கும். நாங்கள் மூச்சுவிடாமல் பார்ப்போம். எங்கள் நாக்கும் நனைந்தாற்போல இருக்கும். குடுவையில் இரண்டு மடக்கு உண்டு. ஒன்று தனக்கு, ஒன்று கூட வருகிறவனுக்கு.

பத்து நாளாக அவர் அந்தக் கார்டைத் தொடவே இல்லை. கஞ்சப் பாய் என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டார். சின்னக் காயத்துக்குச் சரி. இப்போதுமா?

ஓர் ஆட்டத்துக்கு ஒரு நிமிடம். திரையின் ஓரத்தில் மணல் கடிகாரம். கார்டு இறக்காமல் மணல் தீர்ந்தால் அடுத்த அடி விழும்.

பாய் திரையைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்த நேரம் பொறு மாப்ள."

எதற்கென்று சொல்லவில்லை.

நான் இங்கே வந்த முதல் வாரம், குளிரில் பல் கிட்டிக்கொண்டது. ஒரு போர்வை வந்தது. ஆஸ்பத்திரிப் போர்வை என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் இந்த மனுசன் வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

அவர் பொறு என்றால் பொறுக்கலாம்.

என்னிடம் ஒரு கார்டு இருந்தது. அதில் அச்சடித்த இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையாததால், 'முன்னால நிக்கிறது' என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். அதை இறக்கினால் கூட்டாளிக்கு விழுகிற அடியெல்லாம் எனக்கு விழும். வேடனுக்கு மிச்சம் ஆறு உயிர். அடிக்கு ஒன்று.

இறக்கினேன்.

வேடன் கையை விரித்து நின்றான். அவ்வளவு தண்ணீருக்கு முன்னால் எறும்பு மாதிரி இருந்தான். நாகம் சுவர் போல வந்து சாய்ந்தது. விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். ஒவ்வொரு முறையும், நான் சொல்லாமலே, அதே இடத்தில் கையை விரித்து நின்றான். இப்படி ஒருவனையா இத்தனை நாள் என் கட்டைவிரலில் வைத்திருந்தேன் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆறாவது அடியில் அவன் எழவில்லை. என் திரை சாம்பல் நிறமானது.

மூன்று மாதம்.

மணல் கடிகாரம் மறுபடி கவிழ்ந்தது. இனி அடி வீரனுக்கு. மணல் பாதி இறங்கியது. கால்வாசிதான் மிச்சம். பாயின் விரல் குடுவைக்கு மேலே வந்து நின்றது. தொடவில்லை.

அப்போது, இருட்டத் தொடங்கியிருந்த ஜன்னலுக்கு வெளியே, பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழுந்தது.

பாயின் உதடு ஏதோ முணுமுணுத்தது. விரல் இறங்கியது.

வீரன் குடுவையைச் சாய்த்தான். தொண்டை ஏறி இறங்கியது. ஒரே ஒரு மடக்கு. பிறகு மண்டியிட்டு, மீதியை வேடனின் வாயில் ஊற்றினான்.

என் திரையில் நிறம் திரும்பியது. வேடன் கண்ணைத் திறந்தான். எதிரே நாகம் அப்படியே நின்றது. ஆனால் கல்பாதையில் இப்போது மறுபடி இரண்டு பேர்.

பாய் காய்ந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நோன்பு வைக்கக் கூடாதுன்னு டாக்டர் எனக்குத்தான் சொன்னாரு மாப்ள. அவனுக்குச் சொல்லலைல?"