நடுவில் ஒரு நிசப்தம்

“இதில பாட்டு எப்ப தொடங்கும்?” என்று கேட்டார் மகாலிங்கம்.

“இதுதான் பாட்டு, அப்பா. மினிமல் டெக்னோ எண்டு, ஒரே தாளம் திருப்பித் திருப்பி வாற இசை. நாளைக்கு நானே இன்டர்நெட்டில வெளியிடப்போறன்,” என்றான் சாரங்கன்.

ஸ்பீக்கரில் ‘சளப் சளப்’ என்று ஒரே தாளம் ஓடிக்கொண்டிருந்தது. மகாலிங்கம் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

“முதல் ரசிகர் நித்திரை,” என்று சிரித்தாள் சாரங்கனின் மனைவி யதுர்சிகா. “மாமா இப்பிடி நித்திரை கொண்டு கனகாலம்.”

“பொறும், நடுவில ஒரு நிசப்தம் வரும். அதுதான் இதின்ர உயிர். கேக்கிற ஆக்களுக்கு நெஞ்சு திக்கெண்டு இருக்கோணும்.”

தாளம் சட்டென்று நின்றது.

மகாலிங்கம் துள்ளி எழுந்தார். “டேய், வீல் நிண்டிட்டுது! இறால் மூச்சில்லாமல் சாகப்போகுது! ஜெனரேற்றரைப் போடடா!” என்று கத்திக்கொண்டு, செருப்பும் போடாமல் பின்பக்கம் ஓடினார்.

யதுர்சிகா திகைத்துப்போய்க் கணவனைப் பார்த்தாள்.

“இந்தத் தாளம், எங்கட இறால் குளத்துத் தண்ணியைக் கலக்கிக் காத்துக் குடுத்த வீல்தான்,” என்றான் சாரங்கன் மெதுவாக. “வீலை விக்கிறதுக்கு முதல் அந்தச் சத்தத்தைப் பதிஞ்சு வச்சனான். அப்பாவுக்குச் சொல்லேல்ல.”

இருவரும் பின்னால் ஓடினார்கள். மகாலிங்கம் வரம்பில் அசையாமல் நின்றார். நோய் வந்து இறால் முழுதும் செத்தபின் கைவிட்ட குளம், அவருக்கு முன்னால் வெடித்துக் காய்ந்து கிடந்தது.

அவர் திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“திருப்பிப் போடு,” என்றார். “நடுவில மட்டும் நிப்பாட்டாத.”