ஸ்தாமெனுக்கு வந்த பூக்கள்

பதினோரு வருடம் கழித்து ஸ்தாமென் தனியாக ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். பாட்டு, மெட்டு, குரல் எல்லாம் அவருடையவை. முந்தைய தொகுப்பை வாங்க ஆளில்லை. இதையும் யாரும் கேட்காவிட்டால் இனி பாடப்போவதில்லை என்று மனைவி ரொசித்சாவிடம் சொல்லியிருந்தார்.

அன்று மதியம் ப்ளோவ்திவ் நகரத்து இசைத்தட்டுக் கடையில் அவரிடம் கையெழுத்து வாங்க வரிசை தெருமுனை வரை நின்றது. எல்லார் கையிலும் பூ.

"மூணாவது பாட்டுல அழுதுட்டேன் ஐயா," என்று முதலில் வந்த பெண் நான்கு ரோஜாக்களை மேசையில் வைத்தாள். பல்கேரியாவில் உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள். இரட்டைப்படை கல்லறைக்கு. பள்ளிப் பிள்ளைகள்கூட அதில் தவறுவதில்லை. ஸ்தாமென் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

அடுத்தவர் ஆறு கொடுத்தார். அதற்கடுத்தவர் இரண்டு.

"இந்த மாதிரி நீங்க பாடினதே இல்ல அண்ணே! என் பொண்டாட்டி சமையலைக்கூட மறந்துட்டா," என்று ஒருவர் கட்டிப்பிடித்துவிட்டு எட்டுப் பூக்களை நீட்டினார்.

ஸ்தாமென் மனைவியின் பக்கம் சாய்ந்தார். "ரொசித்சா, எல்லாமே இரட்டைப்படையா இருக்கு."

"ஊரே கொண்டாடுது, இந்த மனுஷன் பூவை எண்ணிக்கிட்டு இருக்கார்!"

அவள் தன் பையிலிருந்து வீட்டுத் தோட்டத்து ரோஜாக்களை எடுத்தாள். அவர் எண்ணினார். ஐந்து. அவருக்கு மூச்சு வந்தது.

ரொசித்சா மேசையில் குவிந்திருந்த பூக்களை ஒருமுறை பார்த்தாள்.

"அய்யோ, கவனிக்கவே இல்ல," என்று தன் ரோஜாக்களில் ஒன்றை உருவிக் கோட்டில் செருகிக்கொண்டு, மீதி நான்கையும் அவர் கையில் கொடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.