நம்பிக்கைக்கு ஓர் ஆள்

சகலை கார் வாங்கிய நாளிலிருந்து கண்ணாடிக் கடைக்காரருக்கு வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. மனைவி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அதையும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சகலை ஹாரன் அடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம், இவர் தன் புது பைக்கைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்வார்.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 'பழங்காலக் கார். மலிவு விலை. இன்ஜின் அருமை. பார்வைக்குத்தான் சில குறைகள்.'

மலிவு விலைகூட அவரிடம் இல்லை. ஆனால் ஒரு திட்டம் இருந்தது. ஒரு மச்சானும் இருந்தான்.

மச்சான், மனைவியின் தம்பி. வேலை தேடி வந்தவன், மூன்று வருடமாக அவர் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தான். அவனையும் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினார். பைக்கைத் தெருமுனையில் நிறுத்திச் சாவியை அவனிடம் கொடுத்தார்.

"ஓட்டிப் பார்க்கிறேன்னு நான் காரை எடுத்துட்டுப் போயிடுவேன். நீ கொஞ்ச நேரம் பேச்சுக் கொடு. அப்புறம் பாத்ரூம் போறேன்னு பின்பக்கமா நழுவி, பைக்கை எடுத்துக்கிட்டு ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னாடி வந்துடு. ஓடத் தெரியும்ல?"

"சாப்பிட்டுட்டு ஓடலாமே மாமா."

"ஓடி வந்து சாப்பிடு."

தகர ஷெட்டுக்குள் கார் நின்றிருந்தது. பானெட்டில் பெயின்ட் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. கார் ஒரு பச்சை, இடது கதவு மட்டும் வேறு பச்சை. பம்பரைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். உள்ளே கூரைத் துணி தொங்கி, உட்கார்ந்தவர் தலையைத் தடவிக் கொடுத்தது. ஆனால் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் தாலாட்டுப் பாடுவதுபோல் ஓடியது. கண்ணாடிக்காரருக்கு அங்கேயே காதல் வந்துவிட்டது.

"பேப்பரெல்லாம் பேங்க் லாக்கர்ல இருக்கு, நாளைக்குத் தரேன்," என்றார் விற்க வந்தவர். துண்டைத் தோளில் போட்டிருந்தார். நல்ல மனிதர்போல் இருந்தது. திருடப் போகிற காருக்குப் பேப்பர் எதற்கு? கண்ணாடிக்காரர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

ஷெட்டின் மூலையில் ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

"அவன் நம்ம மச்சான்," என்றார் துண்டுக்காரர். குரலில் ஒரு களைப்பு இருந்தது. கண்ணாடிக்காரருக்கு அந்தக் களைப்பு நன்றாகவே புரிந்தது.

"வீட்ல ஒரு தடவை காட்டிட்டு வந்துடட்டுமா? அவ சரின்னா முடிச்சிடலாம்."

"தாராளமா. எனக்கு முட்டி வலி, நான் வரலை. நம்பிக்கைக்கு ஓர் ஆளை மட்டும் விட்டுட்டுப் போங்க."

கேட்பதற்கு முன்பே பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கண்ணாடிக்காரர் மச்சானைக் கட்டிப்பிடித்தார். "என் உயிரே இவன்தாங்க. இவனை விட்டுட்டு எங்க போகப் போறேன்?"

துண்டுக்காரர் மச்சானை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா சாப்பிடுவாரோ?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று வருடமாக உட்கார்ந்து சாப்பிட்டவன் இன்றுதான் உட்கார்ந்து சம்பாதிக்கிறான் என்று நினைத்தபடி கண்ணாடிக்காரர் காரை எடுத்தார்.

ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் போய் நிறுத்தியபோது மனம் சகலை வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. ஹாரனைக்கூட ஒருமுறை மெதுவாக அடித்துப் பார்த்துக்கொண்டார். ஆனால் நேரம் போகப் போகத் தெருவை எட்டி எட்டிப் பார்த்தார். தூங்கிவிட்டானா? மாட்டிக்கொண்டானா? தம்பி எங்கே என்று கேட்டால் மனைவிக்கு என்ன சொல்வது? அவளுக்கு அவன் கண்ணின் மணி. காரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், திரும்பிப் போய் அழைத்து வந்துவிடலாம் என்று சாவியைத் தொட்டார்.

மச்சான் நடந்து வந்துகொண்டிருந்தான். பின்னால் கடலை கொறித்தவனும் வந்தான்.

"தப்பிச்சிட்டியாடா?"

"எங்க தப்பிக்கிறது? பாத்ரூம்னு எழுந்திருச்சேன், பைக் சாவி கீழ விழுந்துடுச்சு. புது வண்டியான்னு அந்தத் துண்டுக்காரர் கேட்டார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமான்னார்."

கண்ணாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "குடுத்துட்டியா?"

"சும்மா குடுப்பேனா மாமா? நான் என்ன விவரம் தெரியாதவனா?" மச்சான் நிமிர்ந்து நின்றான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமையை அவர் பார்த்ததே இல்லை. "நம்பிக்கைக்கு ஓர் ஆளை விட்டுட்டுப் போங்கன்னு கறாரா சொல்லிட்டேன்."

கடலைக்காரன் நிறம் மாறிய இடது கதவைத் தூக்கித் திறந்து பின்சீட்டில் ஏறினான். தொங்கிய கூரைத் துணியைப் பழகிய கையால் ஒதுக்கிக்கொண்டான்.

"உங்க மாமா எப்போ திரும்பி வருவார்?" கண்ணாடிக்காரர் கேட்டார்.

"வர மாட்டாருங்க. இந்தக் காரையும் இப்படித்தான் ஓட்டிப் பார்க்கிறேன்னு எடுத்துட்டு வந்தார். அன்னைக்கும் நம்பிக்கைக்கு நான்தான் அங்க உட்கார்ந்திருந்தேன். பாத்ரூம் போறேன்னு பின்பக்கமா ஓடி வந்துட்டேன்."

"அப்போ அந்த ஷெட்?"

"யாருதுன்னு தெரியலைங்க. திறந்து கிடந்துச்சு."

கண்ணாடிக்காரர் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தார். ஹாரன் அலறியது. கடலைக்காரன் ஆதரவாக அவர் தோளைத் தட்டினான்.

"போன தடவை மாதிரி தப்பிச்சு வந்துடாதேன்னு மாமா கண்டிப்பா சொல்லிட்டாருங்க. உங்க வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?"