தொட்டியை யார் காலி செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு ஏரிக்கரை முகாமை விட்டுக் கிளம்பும், படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டிகள் எல்லாம் கழிவுநீர் இறக்கும் இடத்தில் வரிசை கட்டி நின்றன. வரிசை நகர்ந்தால்தானே?

முதல் வண்டியில் சிக்கல். வெர்னா என்கிற வயதான அம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். குழாயைச் செருகுவார், கழற்றுவார், மறுபடி செருகுவார். புருஷன்காரர் ஓர்வில் முன்சீட்டில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கு எரிச்சலோடு பயம் வேறு. போன வாரம் யாரோ தரையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இன்னொரு தடவை சிந்தினால் இந்த இடத்தையே இழுத்து மூடிவிடுவேன் என்று வனக்காவலர் கத்தியிருந்தார்.

எனக்குப் பின்னால் நின்ற டாரெலுக்குப் பொறுக்கவில்லை. உதவப் போனார். வெர்னா கிட்டவே சேர்க்கவில்லை. அந்தக் கடுப்பில் டாரெல் நேராக ஓர்விலின் ஜன்னலுக்குப் போனார்.

"ஏன்யா, பொம்பளையைக் கக்கூஸ் தொட்டியோட மல்லுக்கட்ட விட்டுட்டு நீ ஜம்முனு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

ஓர்வில் கோபப்படவில்லை. "இப்ப எந்த வால்வுல கை வெச்சிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"துரைக்கு மேற்பார்வை வேறயா?" டாரெல் தலையிலடித்துக்கொண்டு திரும்பினார்.

வெர்னாவின் கை குளியல் தண்ணீர் வால்வில் இருந்தது. அதை முதலில் திறந்தால் போச்சு. கக்கூஸ் கழிவு கடைசியில் வந்து குழாய் முழுக்க அப்பிக்கொள்ளும், கழற்றும்போது தரையெல்லாம் ஒழுகும்.

கை நின்றது. யோசித்தார். பக்கத்திலிருந்த கக்கூஸ் தொட்டியின் கறுப்பு வால்வைப் பிடித்து இழுத்தார். தடதடவென்று இறங்கியது. அப்புறம் குளியல் தண்ணீரைத் திறந்துவிட்டார், அது குழாயை அலசிக்கொண்டு ஓடியது. கழற்றி மூடினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

சந்தோஷத்தில் முதலில் ஹாரன் அடித்தவர் டாரெல்தான். பிறகு வரிசையே அடித்தது.

வெர்னா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"பந்தயத்துல ஜெயிச்சுட்டேன் ஓர்வில். சொன்ன மாதிரி நீயும் கீழ எறங்கல. இப்பவே வாங்க வர்ற அந்த ஆளுக்குப் போனைப் போட்டு வண்டி விக்கிறதா இல்லன்னு சொல்லு. உனக்குக் கண்ணு தெரியாமப் போயிட்டா என்ன? ஓட்டக் கத்துக்கிட்டேன், இதையும் கத்துக்கிட்டேன். அடுத்த ஏரி எப்படி இருக்குன்னு நான் பாத்துச் சொல்றேன்."